இரண்டு கார்புரேட்டரும் ஒரு வெள்ளைத் துணியும்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு கொட்டகைகள் இருக்கின்றன. ஒன்றில் என் மனைவி பட்டுப்புழு வளர்க்கிறாள். இன்னொன்றில் நான் பழைய ஜப்பான் வண்டிகளை வளர்க்கிறேன். வளர்க்கிறேன் என்பது அவள் சொல்லும் சொல். "பூச்சியாவது தின்னு முடிச்சுக் கூடு கட்டுது. ஒங்க வண்டிங்க இத்தன வருசமா தின்னுக்கிட்டேதான் இருக்குதுங்க" என்பாள். நான் பதில் சொல்வதில்லை. சொன்னால் பேச்சு நீளும். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், வந்தால் தோற்றுவிடுவேன்.

வார நாட்களில் ஓர் அரசு அலுவலகத்துக்கு ஜீப் ஓட்டுகிறேன். அது டீசல் வண்டி. உறுமும், நகரும், அவ்வளவுதான். என் மனசெல்லாம் டூ ஸ்ட்ரோக் பைக்கில். என்னிடம் ஐந்து வண்டிகள் இருக்கின்றன. ஆர்.எக்ஸ். நூறு இரண்டு, கே.பி. நூறு ஒன்று, ஏ.எக்ஸ். நூறு ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே ஆர்.டி. முந்நூற்றைம்பது ஒன்று. ஐந்துமே இந்த மாவட்டத்துக்குள் கிடைத்தவை. ஓர் ஆர்.எக்ஸ். வத்தல்மலையில் காப்பி மூட்டை சுமந்துகொண்டிருந்தது. தீர்த்தமலைக்குக் குடும்பத்தோடு போனபோது மற்றவர்கள் மலையேறிச் சாமி கும்பிட்டார்கள். நான் அடிவாரத்தில் ஒரு டீக்கடைக்குப் பின்னால் கோழிகள் அடையும் கே.பி. நூறைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆர்.டி.யை மட்டும் வண்டியாகப் பார்க்கவே இல்லை. அதியமான்கோட்டைப் பக்கம் ஒரு பஞ்சர் கடையிலிருந்து மூன்று சாக்குகளில் பாகம் பாகமாகக் கொண்டுவந்தேன்.

இந்தப் பைத்தியத்துக்கு ஒரே ஒரு மந்திரம் உண்டு, ஒரிஜினல். பெயின்ட் மங்கியிருந்தால் பரவாயில்லை, வண்டியோடு வந்த பெயின்டாக இருக்க வேண்டும். விளக்குக் கண்ணாடியின் ஓரத்தில் ஜப்பான் என்று பொடி எழுத்து இருந்தால் அன்றைக்குச் சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்காது. ஆர்.எக்ஸுக்குத் தங்க நிற ரிம் மாட்டி, சைலன்சரைக் குடைந்து ஊரை அலறவைக்கிறவர்களைக் கண்டால் ரத்தம் கொதிக்கும். இரண்டு பேரோடு நடுரோட்டில் சண்டையே போட்டிருக்கிறேன்.

பழைய வண்டியைச் சும்மா நிறுத்திவைத்தால் கெட்டுப்போகும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்தையும் ஒவ்வொன்றாக உதைத்து ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவேன். பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிகிற இன்ஜின்கள். கொட்டகை முழுக்க நீலப் புகை நிற்கும். எனக்கு அது ஊதுபத்தி மாதிரி. பட்டுப்புழுவுக்கு விஷம். புழுக்களைப்போல ரோசக்கார ஜீவன் இல்லை. பீடிப் புகை ஆகாது, பூச்சி மருந்து வாடை ஆகாது, வாசனைப் பவுடர்கூட ஆகாது. அதனால் புழு வந்துவிட்டால் வீட்டில் ஊரடங்கு. வண்டிகளைத் தார் ரோடு வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். குளித்து உடை மாற்றாமல் அவளுடைய கொட்டகைக்குள் நான் கால் வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் கட்டுப்பட்டேன். ஆர்.டி.யை மேட்டில் தள்ளி இடுப்புப் பிடித்துக்கொண்டபோதும் வாய் திறக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சென்ற வருடம் அவள் முதல் தடவையாக வெள்ளைக்கூடு கட்டும் புழுவை எடுத்தாள். மஞ்சள்கூட்டுப் புழு தாக்குப்பிடிக்கும், வெள்ளைக்கு நேரம் தவறக் கூடாது, சூடு கூடக் கூடாது. எங்கள் ஊரில் அதற்கு முன் முயன்ற இரண்டு பேர் பாதியில் விட்டுவிட்டார்கள். 'பொம்பள ஒருத்தி தனியா என்னத்தக் கிழிக்கப்போறா' என்று யாரோ சொன்னது அவள் காதுக்கு வந்திருந்தது. பயிற்சிக்குப் போய்வந்தாள், நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள், சுவரில் வெப்பமானி மாட்டினாள். அந்தப் புழு கூடு கட்டியே ஆக வேண்டும் என்று அவள் நின்ற நிலையைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது.

எங்கள் மல்பெரித் தோட்டத்துக்கு அடுத்த நிலம் தக்காளி. அதை வைத்திருப்பவர் முறையில் என் மனைவிக்கு அண்ணன், எனக்கு மச்சான். தக்காளிக்கு மருந்து அடித்தால் காற்றில் வந்து மல்பெரி இலையில் படியும். அதனால் புழு எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று கேட்காமல் அவர் மருந்து டப்பாவைத் திறக்க மாட்டார். அந்தத் தடவையும் கேட்டார். நான்காவது தோல் உரித்துவிட்டது, இனி ஒரு வாரம் விழுந்து விழுந்து தின்னும் என்றாள். "அப்ப நான் அடிக்கலம்மா. மொதல்ல அது கூடு கட்டட்டும்" என்றார்.

அந்த வாரம்தான் டவுனில் பழைய ஸ்பேர் கடை வைத்திருக்கும் பாய் எனக்குப் போன் செய்தார். என் ஆர்.டி.யில் யாரோ வேறு வண்டியின் கார்புரேட்டர்களைத் திணித்து வைத்திருந்தார்கள். ஓடும், ஆனால் மெதுவாகப் போனால் இருமும். சரியான ஜோடிக்காக ஏழு வருடமாக பாயை நச்சரித்துக்கொண்டிருந்தேன். கடைக்குப் போனதும் டீ சொல்லிவிட்டு, பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை முன்னால் வைத்தார்.

"எழுத்தப் பாருங்க. ஜப்பான்லயே ஊத்துனதுங்க" என்றார்.

பார்த்தேன். இரண்டிலும் இருந்தது. டீ ஆறிப்போனது.

மறுநாள் சனிக்கிழமை. கார்புரேட்டரைப் பிரித்து உள்ளேயிருக்கும் ஊசித்துளைகளைச் சுத்தம் செய்யும்போது கீழே விரிக்கும் துணி முக்கியம். பனியன் துணி பிசிறு விடும். ஒரு நூல் துளைக்குள் போனால் அத்தனையும் வீண். பிசிறே இல்லாத துணி எங்கள் வீட்டில் ஓர் இடத்தில்தான் உண்டு. பறித்த மல்பெரிக் கிளைகள் வாடாமலிருக்க நனைத்து மூடுவதற்கென்று, என் மனைவி பழைய வேட்டிகளைக் கிழித்து, வெந்நீரில் புரட்டி, வெயிலில் காயவைத்து, இலை வைக்கும் அறையில் அடுக்கி வைத்திருப்பாள். அவள் தோட்டத்தில் இருந்த நேரம் பார்த்து ஒன்றை எடுத்தேன்.

வேலை அருமையாக நடந்தது. வண்டி டேங்கிலிருந்து பிடித்த பெட்ரோலில் கழுவிய பாகங்களை வரிசையாக அந்தத் துணிமேல் பரப்பினேன். இத்தனை சந்தோஷமாக நான் உட்கார்ந்து பல நாளாகியிருந்தது. இரண்டு மணி நேரத்தில் முடித்து வண்டியில் பொருத்தினேன். அப்புறம் துணியை உதறிப் பார்த்தேன். பெட்ரோல்தானே, ஆவியாகிவிட்டது. மோந்தும் பார்த்தேன், ஒரு வாடையும் இல்லை. முப்பது வருடமாகப் பெட்ரோலையே மோந்துகொண்டிருக்கிற மூக்கு அது. அதை நம்பி, துணியை மடித்து, அடுக்கின் நடுவில் பழையபடி செருகினேன். அவளுடைய துணி ஒன்றை வீணாக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டின. வாயிலிருந்து பச்சையாக நீர் வழிந்தது. நான் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டேன். கொட்டகையில் மூன்று வரிசை. நடு வரிசை மட்டும் மதியத்துக்குள் சுருங்கிக் கிடந்தது. மற்ற இரண்டும் ஒன்றும் நடக்காததுபோலத் தின்றுகொண்டிருந்தன. அவள் நோட்டைப் புரட்டினாள். நடு வரிசைக்கு முதல் நாள் போட்ட இலை தக்காளி நிலத்தை ஒட்டிய சாலில் பறித்தது. அதற்குமேல் அவள் எதையும் யோசிக்கவில்லை. வரப்புக்கு நடந்தாள், நான் பின்னாலேயே போனேன்.

"மருந்து அடிச்சீங்களா இல்லீங்களா, அத மட்டும் சொல்லுங்க."

"அடிக்கலம்மா. சத்தியமா அடிக்கல. வேணும்னா வந்து காயப் பாரு, புழு தொளச்சுப் போட்டுருக்குது."

"எங்க பூச்சி நொர தள்ளிச் சாவுது. நீங்க சத்தியம் பண்ணுறீங்க. யாரும் பண்ணாதத நான் பண்ணிரப்போறேன்னு ஒங்களுக்கும் வயித்தெரிச்சலுங்களா?"

பக்கத்து நிலங்களில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மச்சான் என்னைப் பார்த்தார், நானாவது ஏதாவது சொல்வேன் என்று. "சொல்லிட்டு அடிச்சிருக்கலாமுங்களே மச்சான்" என்றேன். அந்த நேரத்தில் நானும் அப்படித்தான் நம்பினேன் என்பதை இங்கே சொல்லிக்கொள்கிறேன், அதனால் என் தப்பு பெரிதாக ஒன்றும் குறையப்போவதில்லை. இனிமேல் இந்த வரப்பைத் தாண்டி எங்கள் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவள் திரும்பினாள். அவர் கையில் இருந்த மண்வெட்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை.

அன்று சாயங்காலம் இலை அறையில் தண்ணீர்க் குடத்தை வைக்கப் போனேன். அந்தச் சாலில் பறித்து மீதமிருந்த கிளைகள்மேல் கிடந்த ஈரத் துணியில் வட்டமாக ஒரு நீலக் கறை தெரிந்தது. காய்ந்திருந்தபோது தெரியாதது நனைந்ததும் எழுந்து வந்திருக்கிறது. டூ ஸ்ட்ரோக் ஆயிலின் நீலம். வட்டத்தின் அளவு கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தின் அளவு. யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தத் துணியையும் அதன் கீழிருந்த கிளைகளையும் அள்ளிக்கொண்டு போய் வெந்நீர் அடுப்பில் திணித்தேன். இலை வாடிப்போயிருந்தது என்று அவளிடம் சொன்னேன்.

திரும்பி வந்தபோது அவள் நடு வரிசைக்குக் கீழே உட்கார்ந்து செத்த புழுக்களைக் கூடையில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினேன். "கூடப் பொறந்தவனாட்டம் நெனச்சேனுங்க அவர" என்று சொல்லி அழுதாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. சொல்லிவிட நினைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்றும் நினைத்தேன். கோழை என்றால் வேறு யாரோ என்று அதுவரை நினைத்திருந்தேன்.

நாளை என்பது பதின்மூன்று நாள் ஆனது. இரண்டு வரிசையும் நல்ல வெள்ளைக் கூடு கட்டின. பட்டுக்கூடு அங்காடியில் கூட்டைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தவர்கள் பாராட்டினார்கள். அவள் முகத்தில் களையே இல்லை. ஒரு வரிசை போனதைவிட, உறவு போனதுதான் அவளை அரித்தது. அந்த வீட்டில் ஒரு வளைகாப்புக்கு அழைப்பு வரவில்லை. வந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன் என்று இரண்டு தடவை சொன்னாள்.

புழு முடிந்துவிட்டதால் எனக்கு ஊரடங்கு இல்லை. ஆர்.டி.யை வெளியே எடுத்தேன். இரண்டு கார்புரேட்டரும் ஒரே மூச்சாக இழுத்தன. இருமல் போய்விட்டது. ஏழு வருடம் காத்திருந்த சந்தோஷம் வரத்தான் செய்தது, பொய் சொல்ல மாட்டேன். ரோட்டு வளைவில் மச்சான் நின்றிருந்தார். தக்காளியைக் கூடை கூடையாக ஓரத்தில் கொட்டிக்கொண்டிருந்தார், எல்லாம் ஓட்டை விழுந்த காய். இரண்டு மாடுகள் தின்றுகொண்டிருந்தன. மருந்து அடிக்காமல் விட்டதன் பலன். வண்டியை மெதுவாக்கினேன், நிறுத்தத் தைரியம் இல்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வண்டி இப்பத்தாங்க மாப்ள நல்லாப் பேசுது" என்றார்.

திட்டியிருந்தால் போய்க்கொண்டே இருந்திருப்பேன். அதற்குமேல் ஓட்ட முடியவில்லை. வீட்டுக்குத் திரும்பி, களத்தில் புழு கூடு கட்டிய வலைகளைக் கழுவிக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணி, பெட்ரோல், ஆயில், நீலக் கறை. ஆனால் ஓர் இடத்தில் மட்டும் வளைத்தேன். அந்தக் கறை கண்ணில் பட்டபோது ஒன்றும் தோன்றவில்லை, இன்றைக்கு வண்டி ஓட்டும்போதுதான் சட்டென்று புரிந்தது என்று சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று தயாராக நின்றேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நேராக வரப்பை நோக்கி நடந்தாள். செருப்புக்கூடப் போடவில்லை. நான் பின்னால் ஓடினேன். மச்சான் அப்போதுதான் காலிக் கூடைகளோடு நிலத்துக்குள் வந்துகொண்டிருந்தார்.

"அண்ணா, தப்பு எங்களுதுங்க. நான் பேசுனதெல்லாம் தப்புங்க" என்றாள். நடந்ததை நின்ற இடத்திலேயே சொன்னாள். அவர் கடைசிவரை கேட்டார்.

"விடும்மா. பூச்சி போன வேகத்துல பேசுன" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "எப்பங்க மாப்ள ஒங்களுக்குத் தெரிஞ்சுது?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "இப்பத்தாங்கண்ணா. அவருக்கே இப்பத்தான் தோணிருக்குது. முன்னாடியே தெரிஞ்சிருந்தா சும்மா இருக்கிற மனுசன் இல்லீங்க அவரு."

அவர் தலையாட்டினார். அத்தோடு எல்லாம் முடிந்திருக்கும். மாலையில் அவர் வீட்டில் காப்பி குடித்திருப்போம். ஆனால் எனக்காக அவள் சொன்ன அந்த வார்த்தைக்குக் கீழே என்னால் நிற்க முடியவில்லை.

"இல்லீங்க மச்சான். அன்னைக்குச் சாயங்காலமே தெரியும்" என்றேன்.

அவர் கூடைகளைத் தூக்கிக்கொண்டு நிலத்துக்குள் போனார். அவள் என்னைப் பார்த்தபடியே நின்றாள். கோபம் வந்தால் சிவக்கும் முகம், அன்று சிவக்கவில்லை.

"அப்ப நான் அழுவறப்ப பக்கத்துலதான ஒக்காந்திருந்தீங்க?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன்.