பழைய மலரில் இருந்த ஒரு வரி

எழுபதுகளின் கடைசியில் எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சங்கக் கிளை ஆண்டு மலர் போட முடிவெடுத்தது. கிளையின் முதல் நிர்வாகிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் வாழ்க்கைக் குறிப்பு, ஈப்போவில் அச்சு, அட்டையில் கூடை சுமந்த ஒரு பெண். எழுத ஆள் வேண்டும் என்றதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தோட்டத்துப் பள்ளியைத் தாண்டாதவன். தொழிற்சாலையில் தூள் சலிக்கும் வேலை. ஆனால் சாமான் சுற்றி வந்த பத்திரிகைத் தாளைக்கூடப் படிக்காமல் வீசமாட்டேன். யார் எதைச் சுவையாகச் சொன்னாலும் மறக்கவும் மாட்டேன். அதனால் என் தலையில் கட்டினார்கள். எனக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். வீடு வீடாகப் போய்க் கதை கேட்க ஒரு காரணம் கிடைத்தால் விடுவேனா?

இறந்துபோனவர்களைப் பற்றி எழுதுவதில் சிரமமே இல்லை. செத்தவனைப் பற்றி எல்லோரும் தாராளமாகப் பேசுகிறார்கள். சிக்கல் உயிரோடிருந்த ஒருவரிடம்தான் வந்தது. கிளையின் முதல் செயலாளர் அவர். தொழிற்சாலையில் இலை காயவைக்கும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். கீழ் லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீட்டில் மனைவியோடும் மகளோடும் இருந்தார். மகள் கொழுந்து பறித்ததால்தான் அந்த வீடு அவர்களுக்கு மிஞ்சியிருந்தது.

நான் தோட்டத்து வேலைக்கு வருவதற்கு முன்பு ஒரு வேலைநிறுத்தம் நடந்திருக்கிறது. இரவில் கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறார்கள். மறுநாள் காலைப் பெரட்டில், எல்லோரும் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கும்போது, தோட்டத்தை நடத்தும் துரை மூன்று பேரை மட்டும் தனியே கூப்பிட்டுச் சீட்டுக் கிழித்துவிட்டார். மூவரும் குடும்பத்தோடு லாரி ஏறி மலையடிவாரத் தாப்பாவுக்கு இறங்கிப் போனார்கள். செயலாளருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து அவர் வீட்டில் யாரும் கைநனைப்பதில்லை. கல்யாணப் பத்திரிகையைக்கூட மகளிடம் குழாயடியில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

சில வருடங்களுக்கு முன் வந்த பழைய மலரில் அவரைப் பற்றி இப்படி ஒரு வரி இருந்தது: 'பின்னாளில் இவர் நிர்வாகத்தின் பக்கம் சாய்ந்து தோழர்களின் பெயர்களைக் கொடுத்தார்.' அது கையால் மை உருட்டிப் பிரதியெடுத்த மங்கல் தாள். இந்த முறை பளபளவென்று அச்சு.

கிளைத் தலைவர்தான் எங்கள் தோட்டத்துப் பெரிய தண்டல், வெளிவேலைக்கெல்லாம் மேற்பார்வை. "பழைய மலர்ல இருக்கிறத அப்படியே எடுத்துப் போடு தம்பி. வேலை மிச்சம்லா" என்றார்.

எடுத்துப் போட்டிருப்பேன். அதற்கு முன் செயலாளருடைய மனைவி என்னைக் குழாயடியில் நிறுத்தினார்.

"தம்பி, நீதான் எழுதுறியாமே?"

"ஆமா அண்ணி."

"போன தடவ அழிஞ்சு போற மையில போட்டாங்க. இந்தத் தடவ அழியாம போடப் போறீங்க. போட்டா நாங்க எங்க போறது சொல்லு? இறங்குறதுக்கு இருக்கிறதே ஒரு ரோடு. அதுல இறங்குனாலும் இங்கருந்து போனவங்க மூஞ்சியிலதான் போய் விழணும்." வாளி நிரம்பி வழிந்தது. அவர் குழாயை மூடவில்லை. "யாரு பாத்தாங்கன்னு மட்டும் கேட்டு எழுதுய்யா. அது போதும்."

யார் பார்த்தார்கள் என்று கேட்கக் கிளம்பினேன். மேல் லயத்தில் ஓர் அக்கா, நாக்கில் தேனும் மிளகாயும் சேர்த்து வைத்திருப்பவர், கூடையை இறக்காமலே சொன்னார்: "கண்ணால பாத்தியான்னு கேக்காத. நான் காதால பாத்தவ." கடைக்காரர், "அதான் அச்சுலயே வந்துருச்சே" என்றார். திரிங்காப்பிலிருந்து காய்கறி லாரி ஓட்டும் எங்கள் தோட்டத்து ஆள், "அவரு மட்டும் எப்படித் தப்பிச்சாரு? அத நீ சொல்லு மொதல்ல" என்று என்னையே மடக்கினார். கேட்ட இடமெல்லாம் ஆமாம் என்ற பதில்தான். ஒருவர்கூடத் தயங்கவில்லை. ஆனால் பார்த்தவர் என்று ஒருவரும் இல்லை. வெளியேற்றப்பட்ட மூவரில் யாராவது இருந்தால் கேட்கலாம் என்று பார்த்தால், அவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்றே யாருக்கும் தெரியவில்லை.

பழைய மலரை எழுதிய வாத்தியார் மாற்றலாகித் தானா ராத்தாவில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். நல்ல மனிதர், மைலோ கலக்கிக் கொடுத்தார்.

"அந்த வரியா? நான் அந்தச் சமயம் தோட்டத்துலயே இல்லையேப்பா. உங்க தண்டல் சொன்னாரு, எழுதினேன்."

திரும்பி வந்து தண்டலிடம் நின்றேன்.

"என்னை ஏன்டா கேக்கிற? வாத்தியாரே எழுதியிருக்காரு. படிச்ச மனுசன் பொய்யா எழுதுவாரு?"

"நீங்க சொன்னீங்கன்னு அவரு சொல்றாருண்ணே."

"நானா? ஊரே பேசுனதச் சொல்லியிருப்பேன்."

"ஊரக் கேட்டா பழைய மலரக் காட்டுது."

"அப்பறம் என்ன? எல்லாம் ஒண்ணாத்தானே இருக்கு! சந்தேகமே வேணாம்லா!" என்று என் தோளில் தட்டினார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. லயத்துக்கு நடந்து வரும்போது அந்தச் சிரிப்பு போய்விட்டது. ஒருவர் சொன்னது, ஊர் சொன்னது, மலர் சொன்னது என்று மூன்று சாட்சியாகத் தெரிந்தது ஒரே பேச்சுதான். மலையைச் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே ஏறி நிற்கிறது. அதற்குள்தான் ஒரு குடும்பம் இத்தனை வருடமாக அடைபட்டுக் கிடக்கிறது.

கடைசியாகச் செயலாளரிடமே போனேன். கதவுக்கு நேராக உட்கார்ந்து குடைக்கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அன்னிக்கு என்னதான் நடந்துச்சு?"

"நான் செய்யலன்னு சொன்னா எழுதிருவியா?"

நான் குடையின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தேன்.

"எழுத மாட்டே. எழுதவும் கூடாது. என்னைப் பத்தி நானே சொல்றது எப்படிச் சாட்சியாகும்?" குடையை விரித்துப் பார்த்தார், சரியாக வரவில்லை. "ஒண்ணு கேட்டுக்க. அந்த வரிய எடுத்துட்டு வெறும் எடமா வுட்றாத. அந்த எடத்துல ஆளாளுக்கு எழுதிக்குவாங்க."

எனக்குள் ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் அடுப்பைப் பார்க்க வேறு ஆள் பழகியிருக்கவில்லை. பறித்து உருட்டிய இலை காத்திருக்காது, அடுப்புச் சூடு தப்பினால் அத்தனையும் புளித்துவிடும். துரை அவரை விட்டுவைத்ததற்கு அந்த ஒரு காரணமே போதும். தொழிற்சாலையில் வேலை செய்கிற எவனுக்கும் இது தோன்றும். ஆனால் இதையும் யாரும் சொல்லவில்லை, நானே பொருத்திப் பார்த்தது. ஊர் அப்படிப் பொருத்தியது, நான் இப்படிப் பொருத்துகிறேன். அவர் நல்லவர் என்பதற்காக என் ஊகத்தை அச்சில் ஏற்றினால் வாத்தியார் செய்ததையே நானும் செய்தவனாவேன். அன்று அவரைப் பழியிலிருந்து எடுக்கவும் முடியாமல், அப்படியே விடவும் முடியாமல் வீட்டுக்கு வந்து எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தேன்.

குறிப்பை எழுதித் தண்டலிடம் கொடுத்தேன். வாய்க்குள் எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தார்.

"அந்த வரி எங்க?"

"போட்டுர்றேன்ணே. கீழ 'கிளைத் தலைவர் கூறியபடி'ன்னு ஒரு வார்த்தை சேத்துக்கிறேன்."

"என் பேரு எதுக்குடா அதுல?"

"யாரோ ஒருத்தர் பேரு வேணுமேண்ணே. வாத்தியாரு கழண்டுக்கிட்டாரு."

தாளை மடித்துக் கையில் திணித்தார். "எடுத்துரு. ஆனா ஒண்ணு. சலிப்பு வேலை ரொம்பச் சொகமா இருக்குபோல ஒனக்கு. மேட்டுப் பக்கம் மருந்தடிக்க ஆள் பத்தலன்னு ஆபீஸ் கிராணி கேட்டுக்கிட்டே இருக்காரு."

வேலை மாறினாலும் வீடு போகாது. வேலையே போனால் வீடும் போகும். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன்.

அச்சில் வந்தது இவ்வளவுதான்: கிளையின் முதல் செயலாளர். தொழிற்சாலை அடுப்பில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தார். கிளைக்கு முதல் உறுப்பினர்களைச் சேர்த்தவர். வெற்றிடம் விடாதே என்று அவர் சொன்னதற்காகக் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: 'இப்போது கீழ் லயத்தின் கடைசி வீட்டில் வசிக்கிறார். அந்த நாட்களைப் பற்றிக் கேட்க விரும்புகிறவர்கள் அவரையே கேட்கலாம்.'

மலர் வந்த அன்று அண்ணி வாசலில் ஒரு பெஞ்சைக் கொண்டுவந்து போட்டதைப் பார்த்தேன். துடைத்து, மேலே ஒரு பழைய துண்டும் விரித்திருந்தார். மகள் வேலை விட்டு வந்து அந்தப் பக்கத்தை உரக்க வாசித்தாளாம், பக்கத்து வீட்டுக்கும் கேட்கட்டும் என்று.

யாரும் வரவில்லை. அடுத்தடுத்த நாளும் வரவில்லை. பனி இறங்கிப் பெஞ்சு நனைந்ததுதான் மிச்சம். குழாயடியில் வேறு பேச்சு ஆரம்பித்திருந்தது. "எடுத்துட்டான் பாத்தியா? பொய்யா இருந்தா ஏன் எடுக்கணும்?" என்று மேல் லயத்து அக்கா சொன்னதாகக் கேள்விப்பட்டேன். என் காதாலும் கேட்கவில்லை, சொன்னார்கள்.

ஒரு மாலை வேலை முடிந்து நேராக அங்கே போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். என் காக்கிச் சட்டையெல்லாம் தேயிலைத் தூள்.

"கேக்க வந்தியா?" என்றார் அவர்.

"இல்லண்ணே. ஒக்கார வந்தேன்."

அண்ணி உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்தார். அந்த வீட்டில் விருந்தாளிக்கென்று எடுத்து வைத்த கிளாஸ் போலிருக்கிறது, கழுவியும் அலமாரி வாசம் போகவில்லை. குடித்தேன். எதிர் லயத்தில் ஒரு கதவு திறந்து, நின்று, மூடியது.

அவர் அந்தக் கதவைப் பார்த்தபடியே சொன்னார். "ஒன்னையும் நிர்வாகத்து ஆளுங்கிறாங்க, தெரியுமா?"

"யாருண்ணே சொன்னா?"

"எல்லாரும்தான்." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அடக்கமுடியாமல் இரண்டு பேரும் சிரித்தோம். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. என் கிளாஸில் தேநீர் குறைந்திருந்தது, கேட்காமலே மறுபடி ஊற்றினார்.