எட்டடி ட்ரேயும் ஒரு டன் சுமையும்

சுமை வண்டி விற்பவனிடம் மனிதர்கள் வருவது, எதையோ தூக்கிக்கொண்டு போயே தீரவேண்டும் என்ற நிலையில்தான்.

எழுபதுகளின் நடுவில், சிட்னிக்கு மேற்கே பழைய வண்டிகள் விற்கும் ஒரு யார்டில் நான் வேலை பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் படித்த படிப்பு இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அங்கே விற்றது யூட் என்ற சுமை வண்டிகள். யூட் என்றால் முன்னால் கார் மாதிரி, பின்னால் திறந்த பெட்டி. அந்தப் பெட்டிக்குப் பெயர் ட்ரே. எது ஆறடி, எது எட்டடி, எது அரை டன் தாங்கும், எது ஒரு டன் தாங்கும் என்று ஒப்பிட்டுச் சொல்வதுதான் தொழில். போதாததற்கு அடியெல்லாம் மீட்டராக மாறிக்கொண்டிருந்த காலம். ஒரே பேச்சை நாள் முழுக்கப் பேசிப் பிழைத்தவர்களுக்கு என் தொண்டையின் நிலை புரியும்.

நீளம் மட்டும்

ஒரு குளிர்காலக் காலை, கோட்டும் டையுமாக நெட்டையான ஒருவர் வந்தார். நான் எஞ்சினைப் பற்றிச் சொல்வதை அவர் கேட்கவில்லை. ஆறடி ட்ரேயில் ஏறி மல்லாந்து படுத்தார். பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இறங்கி, எட்டடி ட்ரேயில் போய்ப் படுத்தார். கால் அடங்கியது. சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டே கிடந்தார்.

மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வீட்டை விட்டுவிட்டு வந்துவிட்டதாக, கேட்காமலே சொன்னார். மேலே தார்ப்பாய் கட்ட முடியுமா என்றார். கட்டலாம், நனையக்கூடிய சாமான் ஏதாவது ஏற்றப் போகிறீர்களா என்று கேட்டேன்.

"சாமான் ஒன்றும் இல்லை, நண்பா. நனையப்போவது நான்தான்."

கெல்லிவில் தம்பதி

சிட்னியின் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் கெல்லிவில், அப்போது தோட்டங்களும் கோழிப்பண்ணைகளுமாக இருந்தது. அங்கே பீச் பழத்தோட்டம் வைத்திருந்த வயதான கணவனும் மனைவியும், தங்கள் சின்ன யூட்டைக் கொடுத்துவிட்டு ஒரு டன் தாங்குவதை வாங்க வந்தார்கள். விளைச்சல் கூடிவிட்டதாக்கும் என்று நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். அந்த அம்மா முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். நிலத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றாயிற்றாம். மரங்களைப் பிடுங்கி, வெறுந்தரையாக ஒப்படைக்க வேண்டுமாம். ஸ்பிரிங் பட்டைகளைக் கையால் அழுத்திப் பார்த்தபடி கணவர் சொன்னார்:

"பழம் ஏற்றின வரைக்கும் சின்னது போதும். வேர் கனம்."

செங்கல்

மார்க்கோ செங்கல் கட்டுகிறவன். இத்தாலிக்காரன். மலிவான அரை டன் வண்டி ஒன்று அவனுக்குப் பிடித்துவிட்டது. செங்கலுக்கு இது ஆகாது, நிரப்பினால் பின் அச்சு முறியும் என்றேன். இரண்டு நாள் வந்து வந்து அதையே பார்த்தான். இரண்டு நாளும் நான் மாட்டேன் என்றேன். மூன்றாம் நாள் எனக்கு லீவு. என்னோடு வேலை செய்த கெவின், "தாராளமாகத் தாங்கும்" என்று சொல்லி விற்றுவிட்டான்.

கொஞ்ச மாதங்களில் மார்க்கோவின் தம்பி வந்தான். இறக்கத்தில் அச்சு முறிந்து வண்டி புரண்டதாம். இனி அண்ணன் நடக்க மாட்டானாம். கெவினை அடிக்கப் போகிறான் என்று பயந்து நான் குறுக்கே போய் நின்றேன். அவன் கையை ஓங்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னான்:

"உன்னைத்தான் நம்புவதாக அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் அவனுக்கு வேண்டியிருந்த பதிலை மற்றவன்தான் சொன்னான்."

சனிக்கிழமை வாடிக்கையாளர்

சிவபாலன் அண்ணை கொழும்பில் கணக்காளராக இருந்தவர். மனைவி இறந்த பிறகு, சிட்னியில் இருந்த மகனிடம் வந்து சேர்ந்தார். மகனும் மருமகளும் இங்கிலீஷ்தான் பேசுவார்கள். சனிக்கிழமை தோறும் பஸ் பிடித்து யார்டுக்கு வருவார். ஒவ்வொரு வண்டியாகத் தட்டி, "இது எவ்வளவு நீளம், தம்பி? எவ்வளவு தாங்கும்?" என்பார். அவருக்கு லைசென்ஸ் இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் எல்லாம் சொல்லுவேன்.

ஒரு சனிக்கிழமை முதலாளி கண்டித்துவிட்டார். வாங்காதவரோடு ஏன் இவ்வளவு நேரம் என்றார். அதை அண்ணையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், வண்டி வாங்கிற எண்ணம் இருக்கோ என்று மெல்லக் கேட்டேன். அவர் ட்ரேயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இல்லைத் தம்பி, உமக்கும் அது தெரியும். எண்டாலும் அந்த எட்டடிக் கதையை இன்னொருக்காச் சொல்லும், தமிழில கேட்டு ஒரு கிழமையாச்சு."

இத்தனையும் பார்த்த பிறகு, எனக்கென்று ஒரு வண்டி வாங்கியபோது, பின்னால் எதையுமே ஏற்ற முடியாத சின்னக் காராகப் பார்த்து வாங்கினேன்.