பிள்ளைக்காம்பராவில் பதினான்கு நாள்

பொகவந்தலாவைக்கு மேலே, பஸ் போகும் கடைசி வளைவையும் தாண்டிப் போனால் வருகிற தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் ஜீவராணியைத் தெரியாதவர்கள் கிடையாது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் தங்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவை இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துக்கொள்பவள் அவள். இன்று மலைக்குப் போகிற பெண்களில் பாதிப்பேர் ஒரு காலத்தில் அவள் ஆட்டிய தொட்டிலில் தூங்கியவர்கள்தான். அவளுக்கும் அவள் கணவன் சோலைமலைக்கும் சொந்தமாகப் பிள்ளை இல்லை. அதை அவள் பெரிதாக நினைத்ததுமில்லை, இரண்டாயிரத்து இருபத்தொன்றில் ஒருநாள் ஒருத்தி அதைச் சொல்லியே அவளைக் குத்தும் வரைக்கும்.

அந்த வருடம் ஜூன் மாதம், கொழும்பில் கடைகளில் வேலை செய்தவர்கள் கடைகள் பூட்டப்பட்டதும் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களுக்குத் திரும்பி வந்திருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலை சுதர்ஷினி தன் மூன்று வயது மகளைக் கொண்டுவந்து விட்டாள். நெற்றி லேசாகத்தான் சுட்டது. ஆனால் குழந்தையின் வாயில் காய்ச்சல் மருந்துப் பாணியின் வாசனை.

"காலையில மருந்து குடுத்தியா?" என்று கேட்டாள் ஜீவராணி.

சுதர்ஷினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சும்மா சளி, தடிமன்க்கா. வீட்டுல அவருக்கும் அப்பிடித்தான். யார்கிட்டயும் சொல்லிராதீங்க. லயத்தப் பூட்டிருவாங்க."

உள்ளே பத்தொன்பது குழந்தைகள் இருந்தார்கள். ஜீவராணி குழந்தையை மற்றவர்களிடமிருந்து தள்ளி உட்கார வைத்தாள். பிறகு தோட்ட மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் நிரோஷனிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அன்று மாலையே பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். சோதித்துப் பார்த்ததில் சுதர்ஷினியின் லயத்தில் எட்டுப் பேருக்குத் தொற்று இருந்தது. லயத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். பிள்ளைக்காம்பராவும் மூடப்பட்டது.

மறுநாள் வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு ஆட்கள் கூடியபோது, தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் வீரய்யா வேலைக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்பே குரலை உயர்த்தினார்.

"கொரோனான்னு ஒன்னு கெடையாது. போன வருசமும் தடிமன் வந்திச்சு, அதுக்கு முந்தின வருசமும் வந்திச்சு. இப்ப மட்டும் எதுக்குக் கயிறு? நம்மள அடைச்சு வைக்கிறதுக்கு ஒரு பேரு வேணும். அவ்வளவுதான்."

கூட்டம் ஆமோதித்தது. ஜீவராணி முன்னால் வந்தாள். "அண்ணே, எட்டுப் பேருக்கு இருக்குன்னு காட்டியிருக்கு. கண்ணால பாத்துட்டு இல்லன்னா எப்பிடி?"

"குச்சிய மூக்குல விட்டா யாருக்கும்தான் காட்டும். நீ காட்டிக் குடுத்ததால எட்டு வீட்டுல அடுப்பு எரியல, தெரியுமா?"

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது: "பெத்திருந்தால்ல அந்த வலி தெரியும்."

வீரய்யாவே அந்தப் பெண்ணை அதட்டினார். ஆனால் தான் சொன்னதிலிருந்து அவர் ஓர் அங்குலமும் இறங்கவில்லை.

வீரய்யா மோசமான மனிதர் அல்ல. கூரைத் தகரத்துக்காகவும் மலசலகூடத்துக்காகவும் தோட்ட நிர்வாகியான தொரையின் பங்களா வாசலில் அவர் நின்ற நாட்கள் எத்தனையோ. முந்தின வருடம் தொற்று என்று சொல்லி அவருடைய மாமியாரைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எந்த ஊர், எந்தத் தனிமைப்படுத்தல் முகாம் என்று ஐந்து நாளாக ஒருவரும் சொல்லவில்லை. கிழவிக்குச் சிங்களம் தெரியாது. மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தவர், யாராவது வாகனத்தை நிறுத்தினாலே கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டார். நோயை நம்பினால் அந்தப் பஸ்ஸையும் சரியென்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதுதான் வீரய்யாவின் சிக்கல். அது ஜீவராணிக்குப் புரியச் சில நாட்கள் பிடித்தன.

அதற்குள் தண்ணீர் பிடிக்கும் பீலியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். யாரும் சண்டை போடவில்லை. பேசாமல் போனார்கள். அதுதான் அவளை அதிகம் வருத்தியது. "விட்ருடீ, வாயத் தொறக்காத," என்றார் சோலைமலை. அவள் கேட்கவில்லை. லயம் லயமாகப் போய் வாசலுக்கு வெளியே நின்று, யாருக்காவது மூச்சு வாங்குகிறதா என்று விசாரித்தாள். கதவுகள் சாத்தப்பட்டன.

மூன்றாவது வாரம் அவளுக்கே காய்ச்சல் வந்தது. நிரோஷனின் சோதனையில் தொற்று உறுதியானது. பரிசோதகர் வந்து, முகாமுக்குப் போகத் தயாராகச் சொன்னார். ஜீவராணி தனக்குத் தெரிந்த சிங்களத்தில், தடுமாறாமல், ஒன்று கேட்டாள்.

"மாத்தயா, நான் பஸ்ஸில் ஏற மாட்டேன். பிள்ளைக்காம்பரா சும்மாதான் கிடக்கிறது. அங்கேயே என்னை வையுங்கள். போகிற வருகிற எல்லோரும் என்னைப் பார்க்கட்டும். அப்போது யாரும் நோயை ஒளிக்க மாட்டார்கள்."

முகாம்களில் ஏற்கெனவே இடமில்லை. அவர் யாருக்கோ தொலைபேசியில் பேசினார். பிறகு சரி என்றார்.

பிள்ளைக்காம்பரா மலைக்குப் போகிற பாதையோரம் இருக்கிறது. அதன் பெரிய ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஜீவராணி உட்கார்ந்தாள். காலையில் கொழுந்துக்குப் போகும் பெண்களிடம் தன் நிலைமையைச் சத்தமாகச் சொன்னாள். "நேத்து ராத்திரி நல்லாத் தூங்கினேன்!" "இன்னைக்கு மேலெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குடி!" முதல் இரண்டு நாள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் ஒருத்தி நின்றாள். நான்காம் நாள் யாரோ ரசம் வைத்த தூக்குச்சட்டியைப் படியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

வீரய்யா ஐந்தாம் நாள் வந்தார். நலம் விசாரிக்க அல்ல, சண்டை பிடிக்க.

"நல்லா நடிக்கிறியே. தொரை எவ்வளவு குடுத்தாரு?"

"தொரை குடுக்கிறதா இருந்தா உங்களுக்குத்தாண்ணே மொதல்ல குடுப்பாரு, வாயடைக்க," என்றாள் அவள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

அதன்பின் தினமும் வந்தார். பத்தடி தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டு வாதாடுவார். அவள் இருமிக்கொண்டே பதில் சொல்வாள். எட்டாம் நாள் அவள், "எதுவும் மணக்கலண்ணே, சோறு மண்ணு மாதிரி இருக்கு," என்றாள்.

"அதெப்பிடி மணக்காம போகும்?" என்றவர் விறுவிறுவென்று எழுந்து போனார். அரைமணி நேரத்தில், நீளக் கம்பின் நுனியில் சுட்ட கருவாட்டைக் குத்தி எடுத்துக்கொண்டு வந்தார். பாதையில் போனவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். "கண்ண மூடு" என்றார். ஜீவராணி கண்ணை மூடினாள். கம்பை ஜன்னலுக்குள் நீட்டி, அவள் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"மூக்குகிட்ட வச்சிட்டீங்களா?" என்று கேட்டாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

பாதையில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். வீரய்யா சிரிக்கவில்லை. கம்பை மெல்லக் கீழே இறக்கினார். அவர் முகம் மாறியிருந்தது. மற்றவர்கள் போகும் வரை காத்திருந்தார்.

"ராணி," என்றார், குரல் இறங்கி. "எம் பொண்டாட்டிக்கும் நேத்துலேருந்து மணக்கலங்கிறா. பருப்பு தீயுறது தெரியாம பக்கத்துலயே நிக்கிறா. ரெண்டு எட்டு வச்சா மூச்சு வாங்குது. நான்தான் வெளிய சொல்லாதன்னு வச்சிருக்கேன்."

ஜீவராணி அவரைத் திட்டவில்லை. திட்டுவதற்கு அவளிடம் எவ்வளவோ இருந்தது. "உடனே நிரோஷன் தம்பியக் கூப்பிடுங்க. விரல்ல மாட்டிப் பாக்கிற மிசின் வச்சிருக்காரு. ஓடுங்கண்ணே," என்றாள்.

அவர் மனைவி அழகம்மாவின் ஒட்சிசன் அளவு எண்பத்தெட்டு என்று காட்டியது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும் என்றார் நிரோஷன். ஏற்றிப் போக லொறி வந்து நின்றது. அவருடைய மாமியார் கட்டிலடியில் இருந்து அழத் தொடங்கினார். அப்போது வீரய்யா செய்தது இதுதான்: லொறியின் முன்னால் நின்றுகொண்டு, எந்த வாட்டு, யாருடைய போன் நம்பர், தமிழ் பேசுகிற ஆள் யார் என்று நிரோஷனைக் கேட்டு எழுதி வாங்கினார். அழகம்மாவின் கையில் தன் போனைக் கொடுத்தார். பிறகுதான் வழிவிட்டார்.

அழகம்மா தினமும் மாலை ஐந்து மணிக்குப் பேசினாள். முதல் நாட்களில் இரண்டு சொல்தான். "இருக்கேன்ங்க." வீரய்யா சோலைமலையின் போனை இரவல் வாங்கி, பிள்ளைக்காம்பரா வாசலில் நின்று ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்பார். வேலை முடிந்து வருகிறவர்களும் நின்று கேட்டார்கள். ஆறாம் நாள் அவள் ஆஸ்பத்திரிப் பருப்பில் உப்பில்லை என்று குறைசொன்னாள். கூடியிருந்த எல்லோரும் கைதட்டினார்கள். பதினோராம் நாள் வீடு வந்து சேர்ந்தாள்.

அதற்குள், ஒளித்து வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்திருந்தார்கள். பதினேழு பேர். பிள்ளைக்காம்பராவும் பக்கத்துப் பள்ளிக்கூடமும் நிரம்பின. குணமான ஜீவராணி சமையலைப் பொறுப்பெடுத்தாள். அரிசி கழுவிக்கொடுக்கச் சுதர்ஷினி வந்தாள். இருவரும் பழையதைப் பேசவில்லை. மூன்றாம் நாள் சுதர்ஷினியே, "அன்னைக்கு எனக்குப் பயம்க்கா," என்றாள். "எனக்குந்தான்," என்றாள் ஜீவராணி.

கீழ்ப்பிரிவில் ஒருவர் இறந்தார். ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. அவர் கடைசிவரை கதவைத் திறக்கவில்லை. மற்ற எல்லோரும் பிழைத்தார்கள்.

தடுப்பூசி போட ஆட்கள் வந்த நாளில் வீரய்யா பெரட்டில் மறுபடி பேசினார். "நான் சொன்னது தப்பு. எல்லாத்தையும் இன்னும் என்னால நம்ப முடியல, பொய் சொல்ல மாட்டேன். ஆனா நோய் இருக்கு. எங்க கொண்டு போறாங்கன்னு கேக்கிறது நம்ம உரிமை. நோய ஒளிக்கிறது உரிமை இல்ல." நான்கு குடும்பங்கள் அன்றும் ஊசி வேண்டாம் என்று போய்விட்டன. அவர்களோடு யாரும் பேச்சை நிறுத்திக்கொள்ளவில்லை. ஜீவராணி அதில் கண்டிப்பாக இருந்தாள்.

அடுத்த வாரம் மேற்பிரிவில் காய்ச்சல் என்று செய்தி வந்தது. அங்கேயும் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறார்களாம். கொழுந்து லொறியின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள் ஜீவராணி. எதிரே வீரய்யா.

"அங்க உள்ள தலைவன் என்னைய விட மொரடன்," என்றார் அவர்.

"அப்ப ரொம்ப நல்லதுண்ணே. நீங்க பேசுங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்."

"நான் பேசினா சண்டைதான் வரும்."

"வரட்டுமே," என்றாள் அவள். லொறி மேட்டில் ஏறத் தொடங்கியது.