பின்னேரம் என்று சொன்னேன்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைதான் படித்தேன். எந்த இடத்தில் எந்த ‘ர’ போடுவது என்பது இன்றைக்கும் குழப்பம். செல்போனில் பேசினால் அதுவே எழுதிக் கொடுத்துவிடும் என்று மகன் சொன்னான். வேண்டாம் என்றேன். நான் சொன்னதை இன்னொருவர் எழுதியதால் வந்த வினையைத்தான் இப்போது எழுதுகிறேன்.

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எனக்குக் கவ்வாத்து வேலை. வயதான செடிகளைக் கத்தியால் தணித்து வெட்டிவிட வேண்டும். எங்கள் குடும்பம் சிலோனிலிருந்து வந்தது. நான் கைக்குழந்தையாக வந்தவன். ஆனாலும் அம்மா பேசிய பேச்சுதான் என் வாயில் நின்றுவிட்டது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் பேசுவோம்.

பக்கத்து வீட்டு அண்ணனும் அப்படி வந்தவர்தான். அவருடைய மூத்த மகள் காணாமல் போய் நாலு வருடம் ஆகிறது. அப்போது அவளுக்குப் பதினாறு வயது. அவளைக் கடைசியாகப் பார்த்தவன் நான்.

அன்று சனிக்கிழமை. எனக்கு அளந்துவிட்ட செடிகளை மத்தியானமே முடித்துவிட்டு, வெட்டிய மிலாறுக் குச்சிகளை விறகுக் கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். நாலு மணி இருக்கும். ரோட்டு வளைவில் கற்பூர மரங்களுக்கு அடியில் ஒரு வண்டி நின்றது. அதன் பக்கத்தில் அந்தப் பிள்ளை நின்றாள். எதிரே பெண்கள் யார் வந்தாலும் நான் தலையைக் குனிந்துகொள்வேன். சின்ன வயதிலிருந்து அப்படி ஒரு கூச்சம். அதனால் நான் பார்த்தது பக்கத்து வாசலில் தினமும் கிடக்கிற அவளுடைய நீலச் செருப்பும், வண்டிச் சக்கரமும்தான். உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல், “ஏறு கண்ணு, மழை வருது” என்றது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வண்டி மேலே குன்னூர்ப் பக்கம் போனது.

எங்கள் ஆட்கள் பிள்ளைகளைக் ‘கண்ணு’ என்று கூப்பிட மாட்டோம். ‘புள்ள’ என்போம். கண்ணு என்பது கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆட்களின் வாயில் வரும். கடைவீதியிலும் தோட்டத்து ஆபீசிலும் கேட்கிற சொல். தெரிந்தவர் யாரோ என்று நினைத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

அன்று இரவு முழுக்க லயமே டார்ச் லைட்டோடு தேடியது. நானும் பாதி ராத்திரி வரைக்கும் கூடப் போனேன். ஆனால் வண்டியைப் பற்றி அண்ணனிடம் நான் வாயைத் திறக்கவில்லை. ‘உன் மகள் யார் வண்டியிலோ ஏறினாள்’ என்று நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்வது? விடிந்தால் வந்துவிடுவாள், எதற்கு அவள் பேரைக் கெடுக்க வேண்டும் என்று இருந்தேன். விடிந்தது. அவள் வரவில்லை.

மூன்றாம் நாள் போலீஸ் கூப்பிட்டபோது எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்ட போலீஸ்காரர் சின்ன வயது, கீழே சமவெளியிலிருந்து வந்தவர். எந்நேரம் என்று கேட்டார். பின்னேரம் நாலு மணிங்க என்றேன். எழுதினார். என்ன எழுதினார் என்று படித்துக் காட்டச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

அதற்குப் பிறகு மூன்று முறை கூப்பிட்டார்கள். நாலு மணிக்கு உனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டார்கள். விறகு கொண்டுவந்தேன் என்றேன். நாலு மணிக்கு விறகா என்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். கூலிக்காரன் என்று கேலி செய்கிறார்கள் என நினைத்துக்கொண்டேன். என் கவ்வாத்துக் கத்தியைப் பேப்பரில் சுற்றி எடுத்துப் போய், பல நாள் கழித்துத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். பைப்படியில் பெண்கள் என் மனைவியைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். அவளும் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, “எல்லாத்தையும் சொல்லிட்டீங்கதானே?” என்று கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன். அவள் மேற்கொண்டு கேட்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அண்ணன் என்னோடு பேசுவதை அடியோடு நிறுத்தினார். நான் வெளியே வந்தால் அவர் உள்ளே போய்விடுவார். இதில் என் புத்தி கெட்டுப் போனது. மகளைத் தொலைத்தவன் கடைசியாகப் பார்த்தவனிடம் வந்து கேட்கத்தானே செய்வான், இவர் ஏன் ஒளிகிறார் என்று யோசிக்க ஆரம்பித்தேன். அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு பாத்தி வெட்டியிருந்தார். அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து அந்த மண்ணைக் குச்சியால் குத்திப் பார்த்தேன். விதை உருளைக்கிழங்கு வந்தது. திரும்பினால், வேலியோரத்தில் அவர் மனைவி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குச்சியைக் கீழே போட்டுவிட்டு வந்துவிட்டேன். நான்கு வருடம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் பாத்திரம் விழுந்தால்கூட நான் காது கொடுத்துக் கேட்டேன். அவர்களும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள்.

போன மாதம் அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கோர்ட்டில் மனுப் போடுவதற்காக ஊட்டி வக்கீல் வாங்கிக் கொடுத்த போலீஸ் காகிதங்கள் கையில் இருந்தன. உட்காரவில்லை. என் மகனிடம் நீட்டி, உங்கப்பன் சொன்னதைச் சத்தமாகப் படி என்றார். மகன் படித்தான். ‘சனிக்கிழமை பின்னிரவு நான்கு மணியளவில் மேற்படி சிறுமியைக் கண்டதாகவும்’ என்று இருந்தது.

“பின்னிரவு நாலு மணி. அந்நேரம் நாங்க மலை மலையா கத்திக்கிட்டுத் திரிஞ்சோம். நீ எம்புள்ளயப் பாத்துட்டு வீட்டுக்கு வந்து படுத்திருக்க,” என்றார்.

“நான் பின்னேரம்னுதான் சொன்னேன் அண்ணே.”

அவர் என்னைப் பார்த்தார். என் மகனுக்கு விளங்கவில்லை. எங்கள் பேச்சில் பின்னேரம் என்றால் சாயங்காலம்; அவன் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் என்றே சொல்லிப் பழகியவன். அண்ணனுக்கு விளங்கியது. அவருடைய அம்மாவும் அப்படித்தானே சொல்லியிருப்பார். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு வண்டி எந்தப் பக்கம் போனது, என்ன கலர் என்று கேட்டார். கலர் பார்க்கவில்லை என்றேன். என் கூச்சத்தைச் சொன்னேன்.

“சரி. எங்கிட்ட ஏன் சொல்லல?”

“அவ பேரு கெட்டுப் போகும்னு…”

“பேரு,” என்றார். “புள்ளயே இல்ல. பேர வச்சி நான் என்னா செய்ய?”

மறுநாள் இரண்டு பேரும் வளைவுக்கு மேலே உள்ள கடைக்குப் போனோம். அங்கே கேமரா இருக்கிறது. போலீஸ் வந்து ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைப் படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனதாகக் கடைக்காரர் சொன்னார். சனிக்கிழமை சாயங்காலத்தை யாரும் கேட்கவில்லை. பதினைந்து நாளில் பழையது அழிந்துவிடுமாம். பேசிக்கொண்டே, மிட்டாய் வாங்க வந்த ஒரு குழந்தையிடம், “என்ன வேணும் கண்ணு?” என்று கேட்டார். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். அந்தக் குரலா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இந்த நான்கு வருடத்தில் பஸ்ஸில், ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் கண்ணு என்று சொல்லக் கேட்டு நின்றிருக்கிறேன். எல்லாக் குரலும் அந்தக் குரல் மாதிரியே இருக்கிறது. இனிமேல் அண்ணனும் அப்படி நிற்பார்.

தெரிந்ததை உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். என் மனைவிக்கு இதில் சம்மதம் இல்லை. இத்தனை வருடம் கழித்து நேரத்தை மாற்றிச் சொன்னால் மறுபடியும் உங்களைத்தான் பிடித்துக்கொள்வார்கள் என்கிறாள். பிடிக்கலாம். நேரத்தை நான் மாற்றவில்லை. அவள் வண்டியில் ஏறியபோது நல்ல வெளிச்சம் இருந்தது, வளைவில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். என்னைத் தவிர வேறு யாராவது தலையை நிமிர்த்தி அந்த வண்டியைப் பார்த்திருப்பார்கள். அவர்களிடம் இதுவரை யாரும் போய்க் கேட்கவில்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் அண்ணனோடு ஊட்டிக்குப் போய் இதைக் கொடுக்கிறேன்.

கார்த்திகை பதினொன்று, வியாழக்கிழமை.