ஆளுக்கு ஒரு கை

டீ கேட்டாலும் ஸதக்கத்துல்லாஹ் விளக்கிச் சொல்லித்தான் கேட்பார். "சீனி வேண்டாம். கொறச்சலாப் போடச் சொல்லல, வேண்டவே வேண்டாம். வெளங்கிச்சா?" கடைக்காரர் சிவனணைந்தபெருமாள் "வெளங்கிச்சு பாய்" என்று சொல்லும்வரை பெஞ்சில் உட்கார மாட்டார். சீனிக்கு ரேஷன் இருக்கிற நாளில் கடைக்காரருக்கு அதில் லாபம்தான்.

பாய்க்கு ஊர் காயல்பட்டினம். தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிப்பவர்களுக்குக் கயிறு பிடிக்கிற வேலை. சீக்கிரம் அமிழக் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கியவன் அடியிலிருந்து கயிற்றை இழுத்தால், மேலே நிற்பவருக்கு அதன் அர்த்தம் தெரிய வேண்டும். காயல்காரர்களுக்கு ஒரு இழுப்பு என்றால் 'தூக்கு', இரண்டு என்றால் 'தளர்த்து'. தூத்துக்குடிக்காரர்களுக்கு நேர்மாறு. போன பருவத்தில் இரு ஊராரையும் ஒரே வள்ளத்தில் ஏற்றினார்கள். அவருடைய தம்பி ஈஸா அடியிலிருந்து ஒரு தரம் இழுக்க, மேலே நின்ற தூத்துக்குடிக்காரர் நல்ல மனசோடு கயிற்றைத் தளர்த்தினார். மூக்கில் ரத்தத்தோடு அவன் பிழைத்து வந்ததே பெரிய காரியம்.

இந்த வருஷம் இறங்கும் முன்பே ஓட்டெடுத்து ஒரே முறைக்கு வந்துவிடுவது என்று முடிவாயிற்று. நடத்துவதற்கு ஸதக்கத்துல்லாஹ்வை விட்டால் ஆள் ஏது? மனசுக்குள் அவர், ஒற்றை இழுப்புக்கே தூக்கிவிட வேண்டும் என்கிற கட்சி. மூச்சு முட்டுகிறவனுக்கு இரண்டாவது இழுப்புக்குத் தெம்பு இருக்குமா என்ற பயம். ஆனால் வாயைத் திறக்கவில்லை. "ஓட்டெடுக்கவன் ஒரு பக்கமாச் சாயப்படாது" என்பார்.

"ஒத்த இழுப்பு வேணுங்கவுக கையத் தூக்குங்க" என்றதும் கரையில் நின்ற ஒற்றைக்காரர்கள் ஆளுக்கு ஒரு கை தூக்கினார்கள். "ரெட்ட இழுப்பு?" என்றாரோ இல்லையோ, அந்தக் கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார்கள்! இரண்டு இழுப்புக்கு இரண்டு கை. அவர்கள் நியாயம் அவர்களுக்கு.

மனிதர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏலே, இழுப்புத்தாம்லே ரெண்டு. ஆளு ஒண்ணுதான! ஆளுக்கு ஒரு கை. வெளங்கிச்சா?"

"ஒரு கையத் தூக்குனா ஒத்தையில சேந்துராதா அண்ணாச்சி?" என்றார் தூத்துக்குடிக் கபிரியேல்.

அதுவும் கேட்க வேண்டிய கேள்விதான். கடைசியில் ஒற்றைக்காரர்களை வள்ளத்துப் பக்கமும் ரெட்டைக்காரர்களைத் தண்ணீர்ப் பக்கமும் நிற்கவைத்துத் தலையை எண்ணினார். அப்போதும் ரெட்டைதான் ஜெயித்தது. அதை அவரே அறிவித்தார்.

ஈஸாவுக்குப் பொறுக்கவில்லை. அண்ணனிடமே கேட்டுவிட்டான். "கையெண்ணுனதுலயே தகராறுன்னு ஓட்டத் தள்ளிருக்கலாம்லா, காக்கா?"

"தள்ளிட்டு? மறுபடியும் கடலுக்கடியில ஆளுக்கொரு பாஷை பேசுவியளோ?"

இப்போது வள்ளத்தில் அவர் சட்டம் தவறுவதில்லை. ஒரு இழுப்பு வந்தால் தளர்த்துகிறார். இரண்டு வந்தால் தூக்குகிறார். ஈஸா இறங்கும்போது மட்டும் அவருடைய பேச்சு நின்றுவிடும். தானும் மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு, கன்னம் உப்பித் தண்ணீரையே பார்த்து நிற்பார். தன் மூச்சு முட்டியதும் எந்த இழுப்புக்கும் காத்திராமல் கயிற்றை வாரி வாரி இழுக்கத் தொடங்கிவிடுவார்.