முந்தி வந்த சாம்பியன்

எங்கள் ஊரில் விளையாட்டு வீரன் ஆவதற்கு விளையாடத் தெரிய வேண்டியதில்லை. கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது அதற்கு எதிரே வந்துவிட்டால் போதும். இதை நான் வயிற்றெரிச்சலில் சொல்வதாக என் மனைவி சொல்கிறாள். வயிற்றெரிச்சல்தான். அதற்காகச் சொன்னது பொய்யாகிவிடாது.

ஆரணியில் ஒரு பட்டுச்சேலைக் கடையில் சேல்ஸ்மேனாக இருக்கிறேன். என் கை நிதானமாகத்தான் வேலை செய்யும். ஒரு சேலையைப் பிரித்தால் முந்தானையைக் காட்டி, உடலைக் காட்டி, பார்டரை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டி, பழைய மடிப்பிலேயே மடித்து வைத்துவிட்டுத்தான் அடுத்ததில் கை வைப்பேன். முகூர்த்த மாதங்களில் வேன் பிடித்து வந்து இறங்குகிற கல்யாண வீட்டார் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் நகர்ந்துவிடுவார்கள். முதலாளி ஒன்றும் சொல்ல மாட்டார். பெருமூச்சு விடுவார்.

சொல்வதெல்லாம் மாமனார்தான். சேத்துப்பட்டில் நெல் வியாபாரம் செய்து ஓய்ந்தவர். பெண் பார்க்கப் போன அன்று நாங்கள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். “மாப்ள வர்றதுக்குள்ள பஜ்ஜி ஆறிப் பூடுச்சு” என்றார். அன்று ஆரம்பித்தது. அதற்குப் பிறகு எந்த விசேஷமானாலும், பந்தியில் நான் உட்கார்ந்திருக்கும்போதே பக்கத்து இலைக்காரரிடம், “எங்க மாப்ளைய கெணத்துல தள்ளினாக்கூட அவரு போயி தண்ணியத் தொட ஒரு நாளாவும்” என்பார். வரிசை முழுக்கச் சிரிக்கும். நானும் சிரித்து வைப்பேன். இருபது வருஷமாக அந்தக் கிணற்றில் விழுந்துகொண்டே இருக்கிறேன். அந்த மனிதர் வாயிலிருந்து ஒரே ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்பது என் ஆசை. இந்த வயதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் ஆசை அதுதான்.

எனக்கென்று ஆண்டவன் ஒரு விளையாட்டை வைத்திருந்தான். காணும் பொங்கலன்று எங்கள் தெருக்காரர்கள் பள்ளிக்கூட மைதானத்தில் நடத்துகிற ஸ்லோ சைக்கிள் ரேஸ். சுண்ணாம்புக் கோடு போட்ட பாதையில், கால் ஊன்றாமல், கோட்டை மிதிக்காமல் போக வேண்டும். கடைசியாக வந்து சேர்கிறவன் ஜெயித்தவன். நான் பிறவியிலிருந்தே பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிற விளையாட்டு. கல்யாணத்துக்குப் பிறகு கலந்துகொண்டதில்லை. இந்த வருஷம் பெயர் கொடுத்தேன். என் மச்சானும் பெயர் கொடுத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டதுதான் காரணம்.

மச்சான் என் மனைவியின் தம்பி. பஸ் நிலையத்துப் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறான். போன வருஷம் திடீரென்று சைக்கிள் வீரன் ஆகிவிட்டான். கியர் வைத்த சைக்கிள், தலைக்கு ஹெல்மெட், கைக்கு உறை, உடம்போடு ஒட்டிய பனியன். விடிகாலையில் சேத்துப்பட்டு ரோட்டில் கிளம்பிப் போய், ஒரு டீக்கடையில் பன்னும் டீயும் முடித்துவிட்டுத் திரும்புவான். போய் வந்த பாதையை வரைபடமாகப் போனில் போட்டு, கீழே ஒரு தீப்பிழம்பு பொம்மையையும் வைப்பான். அதில் டீக்கடை மட்டும் இருக்காது. இந்த ஆள், அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஸ்லோ ரேஸுக்கு வந்தான். பூசணிக்காய் நறுக்க வீச்சரிவாளோடு வந்த மாதிரி இருந்தது.

அன்றைக்கு ஒரு யூடியூப் சேனல்காரர்களும் வந்திருந்தார்கள். எங்கள் வட்டாரத்து விளையாட்டுச் செய்தி மட்டும் போடுகிற சேனல். டென்னிஸ் பந்து கிரிக்கெட், கபடி என்று எங்கே நாலு பேர் கூடினாலும் வந்துவிடுவார்கள். ஒருவன் மைக் பிடிப்பான், இன்னொருவன் குச்சியில் மாட்டிய போனைப் பிடிப்பான். போட்டி ஆரம்பிக்கிற நேரத்துக்குத்தான் வந்து, நேராக எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்கள்.

விசில் ஊதினார்கள். ஊதியதுமே மச்சானின் சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்தது. விழாமல் இருக்க ஒரு மிதி மிதித்தான். அந்த மாதிரி சைக்கிளில் ஒரு மிதி மிதித்தால் அது எங்கே போய் நிற்கும்? பயத்தில் இன்னொரு மிதியும் மிதித்து, எல்லைக் கோட்டைத் தாண்டி, கரும்பு ஜூஸ் வண்டியில் கைவைத்துத்தான் நின்றான். மைதானமே கூச்சல் போட்டது. விசிலடித்தார்கள், துண்டைச் சுழற்றினார்கள், ஒரு பெரியவர் சிரித்துச் சிரித்துப் புரையேறி உட்கார்ந்துவிட்டார். கேமரா அத்தனையையும் பிடித்துக்கொண்டது.

பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கால் ஊன்றி வெளியே போனார்கள். நான் என் பழைய கறுப்புச் சைக்கிளில் இருந்தேன். நிற்பது போலப் போனேன். பெடலைப் பாதி அழுத்துவேன், பிரேக்கைத் தொட்டு விடுவேன், ஹேண்டில் தானாக ஒரு ஆட்டம் ஆடி அடங்கும் வரை காத்திருப்பேன். கடைசியில் பாதையில் என்னைத் தவிர யாருமே இல்லை. “போதுங்க, ஜெயிச்சிட்டீங்க, வந்துடுங்க” என்று மைக்கில் கெஞ்சினார்கள். நான் என் இஷ்டத்துக்குத்தான் வந்தேன். ஒரு ரைஸ் மில் முதலாளி பொன்னாடை போர்த்தி, ஒரு குக்கரைக் கையில் கொடுத்தார். சேனல்காரர்களைத் தேடினேன். மச்சானைக் கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் வீடியோ வந்தது. “புயலெனப் பாய்ந்த ஆரணிச் சிங்கம்” என்று ஒரு குரல் கத்தியது. சிங்கம் கோட்டைத் தாண்டுவதை மூன்று கோணத்தில் காட்டினார்கள். மூன்றும் ஒரே கோணம்தான், ஒன்றைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். ஊரே தன்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்த சத்தத்துக்கு நடுவே மச்சான் ஹெல்மெட்டைக் கழற்றாமல் பேசினான். விடாமுயற்சி என்றான். இளைஞர்கள் போதையைத் தவிர்த்துச் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்றான். மைக் பிடித்தவன், “இந்த வெற்றியை யாருக்குச் சமர்ப்பிக்கிறீங்க?” என்று கேட்டதற்கு, “எங்க அப்பாவுக்கு” என்றான். அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவனுக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த வீடியோவை உறவுக்காரர் குழு, பள்ளி நண்பர் குழு, வியாபாரிகள் குழு என்று ஒன்று விடாமல் அனுப்பினான். கடை வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தான். ரீசார்ஜ் செய்ய வருகிறவனிடம்கூட, “பாத்தியாண்ணா?” என்று போனை நீட்டினான். மைதானத்தில் இருந்த தெருக்காரர்கள் அவனைக் கண்டால் “சிங்கம் வருது” என்று வழிவிட்டார்கள். அதற்கும் கையெடுத்துக் கும்பிட்டான். நான் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

“ஏம்ப்பா, நீ தோத்தவன்னு உனக்குத் தெரியும் இல்ல?”

“நான் இன்னா மாமா பண்றது? அவங்க கேட்டாங்கோ, நான் சொன்னேன். மொதல்ல வந்தது நான்தானே?”

அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாம்பியனுக்கு எங்கள் வீட்டில் விருந்து. என் மனைவிதான் அழைத்தாள். பிரியாணி செய்தாள். எதில் என்று கேட்கிறீர்களா? நான் ஜெயித்துக் கொண்டுவந்த குக்கரில். அது விசில் விடும்போதெல்லாம் எனக்கு மைதானத்துக் கூச்சல் கேட்டது. சேத்துப்பட்டிலிருந்து மாமனாரும் வந்திருந்தார். வேட்டி மடிப்பு கலையாமல் உட்கார்ந்துகொண்டு, மகனுக்கு ஒரு துண்டு கூடப் போடச் சொன்னார். நான் மெதுவாகத்தான் ஆரம்பித்தேன்.

“மாமா, அது ஸ்லோ சைக்கிள் ரேஸுங்க. அதுல கடைசியா வர்றவன்தான் ஜெயிச்சவன். நான்தான் கடைசி.”

அவர் எலும்பை இலையோரம் வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “அது பசங்க வெளாட்டு மாப்ள. நீங்க எப்பவும் கடைசிதான், அத யாரு இல்லன்னாங்க? இவன் ஓட்டினது ரேஸு. இல்லாங்காட்டி சேனல்ல காட்டுவானா?”

மச்சான் தலை நிமிரவே இல்லை. பிரியாணியில் அவ்வளவு கவனம். நான் கைகழுவ எழுந்து போனபோது மனைவி பின்னாலேயே வந்தாள். “வுட்டுடுங்க. எங்கப்பா இப்டி சிரிச்சுப் பேசி எவ்ளோ நாளாச்சு. நீங்க போயி பேஜார் பண்ணாதீங்க” என்றாள். என் வெற்றி அவர்கள் குடும்பத்துக்குப் பேஜாராக இருக்கிறது. இதையும் கேட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தேன்.

மறுநாளே சேனலுக்குப் போன் போட்டேன். மைக் பிடித்தவன்தான் எடுத்தான். நான் யார் என்று சொன்னதும் அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. “சார், உங்களையும் எடுத்துகினுதான் இருந்தோம். நீங்க வந்து சேர்றதுக்குள்ள போன்ல மெமரி தீந்துடும்போல இருந்துச்சு, நிறுத்திட்டு அவரு பேட்டிய எடுக்கப் போய்ட்டோம். எடிட்டிங் பண்றவன் வேலூர்ல இருக்கான் சார், அவனுக்கு இன்னா தெரியும்? முன்னாடி வந்தவர ஃபர்ஸ்ட்டுன்னு போட்டுட்டான்.” தவறைத் திருத்திப் போடு என்றேன். அதை எடுத்தால் பார்த்தவர்கள் எண்ணிக்கை போய்விடுமாம். அதற்குப் பதிலாக என்னைப் பற்றித் தனியாக ஒரு வீடியோ போடுவதாகச் சொன்னான்.

இங்கே நான் போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. “எப்ப வர்றீங்க?” என்று கேட்டேன். முடி வெட்டிக்கொண்டேன். மீசையில் இருந்த வெள்ளையைக் கவனித்துக்கொண்டேன். கடையில் அரை நாள் லீவு சொன்னபோது முதலாளி எதற்கென்று கேட்டார். “சேனல்லேர்ந்து வராங்க” என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் மச்சான் குரல் மாதிரியே இருந்தது.

அதே மைதானம், அதே ஆட்கள். பேட்டியில் எல்லாவற்றையும் விளக்கினேன்: ஸ்லோ ரேஸ் என்றால் என்ன, யார் ஜெயித்தவர், அன்று என்ன நடந்தது. அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். பிறகு ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். ஏறினேன். அன்றைக்கு எனக்கு அமைந்த பேலன்ஸ் போட்டி அன்றுகூட அமையவில்லை. சக்கரம் மண்ணில் ஊன்றி வைத்தது போல இருந்தது. குச்சியைப் பிடித்தவன் கொட்டாவி விட்டான்.

“சார், ஸ்டார்ட் பண்ணுங்க.”

“போய்கினுதான் இருக்கேன்.”

“இன்னும் கொஞ்சம் வேகமா போனா நல்லா இருக்கும் சார். ஸ்க்ரீன்ல ஒண்ணுமே நகரல. ஃபோட்டோ மாதிரி கீது.”

“இதுதாம்ப்பா போட்டி” என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. பாதை முடிகிற வரை அப்படியே வந்தேன். ஒரு மிதி கூட வீணாக மிதிக்கவில்லை. அவர்கள் பொறுமையாக முழுவதையும் எடுத்தார்கள் என்பதில் எனக்கு மரியாதைகூட வந்தது. கிளம்பும்போது இருவருக்கும் டிபன் வாங்கிக் கொடுத்தேன்.

வீடியோ வந்த அன்று கடையில் சேலை மடிப்பதுபோல் குனிந்துகொண்டு பார்த்தேன். என் பேட்டியிலிருந்து ஒரு வார்த்தைகூட இல்லை. அதற்குப் பதில் டமடமவென்று பாட்டு. நான் எடுத்துக்கொண்ட அவ்வளவு நேரத்தையும் சுருக்கி, வேகத்தை ஏற்றிவிட்டிருந்தார்கள். நிற்பது போலப் போனவன் ஜுரம் கண்ட ஈயைப் போல அங்கும் இங்கும் துடித்து, கோட்டைத் தாண்டிப் பறந்தான். “வயது இவருக்கு வெறும் எண்! சிங்கத்தையே மிஞ்சிய வேங்கை!” என்று அதே குரல் கத்தியது. எனக்கு ரத்தம் கொதித்தது. என்னை எதற்காகக் கூப்பிட்டார்களோ அதையே கொன்று, தலை சீவி, பவுடர் போட்டு உட்காரவைத்திருந்தார்கள். இந்தப் பயல்களுக்கா இட்லி வாங்கிக் கொடுத்தேன்?

கொதித்தபடியே இரண்டாவது தடவை பார்த்தேன். மூன்றாவது தடவையில், கோட்டைத் தாண்டுகிற இடத்தில் என் தோள் கொஞ்சம் முன்னால் சாய்வது நன்றாகத்தான் இருந்தது. புதுச் சட்டையும் எடுப்பாக இருந்தது. பக்கத்து ஆள் எட்டிப் பார்த்து, “அண்ணா, நீங்களா!” என்றான். போனை அவன் பக்கம் திருப்பினேன். நான் அதைத் திருப்பிய வேகம் எனக்கே தெரியவில்லை.

சாயந்தரம் மாமனார் போன் செய்தார். இருபது வருஷத்தில் மகளைக் கேட்காமல் என்னைக் கேட்டு அவர் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

“மாப்ள, பாத்தேங்க. இன்னா ஸ்பீடு! எங்க பையன்கூட அவ்ளோ ஜல்தியா போவல. இங்க எல்லாருக்கும் காட்டினேன். உங்கள தப்பா நெனச்சிகினு இருந்துட்டேங்க.”

சொல்ல வேண்டியது எல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அது பொய் வேகம், நான் மெதுவாகப் போனதால்தான் ஜெயித்தேன், உங்கள் மாப்பிள்ளை மெதுவானவன், அதுதான் அவன் திறமை. பல வருஷமாக மனத்துக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள். அடுப்படியிலிருந்து மனைவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தேன்.

“அதெல்லாம் சின்ன வயசுலேர்ந்தே பழக்கங்க மாமா” என்றேன்.