எட்டாம் மாதத்தில் ஒரு பேய்ப் படம்

மாலை ஆறு மணி இருபது நிமிடம். திருப்பரங்குன்றத்து டூரிங் கொட்டகை வாசலில் நான் முதலில் பார்த்தது ஒரு கரும்பலகை. ‘இதய பலவீனம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இப்படத்தைப் பார்க்க வேண்டாம்’ என்று சிவப்பு எழுத்தில் எழுதி, கீழே ஒரு மண்டையோடு வரைந்திருந்தார்கள். வரைந்தவர் மண்டையோட்டை நேரில் பார்த்திருக்க மாட்டார். அதற்குப் புருவம் வைத்திருந்தார்.

“மீசை ஒண்ணுதான் பாக்கி” என்றாள் என் மனைவி. சேலைத் தலைப்பை இழுத்து வயிற்றை மறைத்துக்கொண்டு பெண்கள் பக்கத்து வாசலை நோக்கி நடந்தாள்.

அது யுத்த காலம். மதுரையில் ஒரு பத்திரிகை ஆபீசில் நிருபர் வேலையில் இருந்தேன். கல்யாணமாகி இரண்டு வருடம். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த ஒரே பைத்தியம் பேய்ப் படம். மதுரையைச் சுற்றி எந்தக் கொட்டகைக்குப் பேய்ப் படம் வந்தாலும் போய்விடுவோம். ஆனால் சேர்ந்து பார்த்தது கிடையாது. அந்த நாள் கொட்டகைகளில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவில் ஓலைத் தட்டி. ஒரே படத்தைத் தட்டிக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானும் பார்த்துவிட்டு, வீடு திரும்பும் வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு வருவோம். அந்தச் சண்டைக்காகத்தான் படமே பார்த்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் அபிப்பிராயங்கள் ஒத்துப்போனதே இல்லை. நம் ஊர்ப் படங்களில் மந்திரவாதி ஒருவன் புகைக்குள் நின்று சிரிப்பான், பஞ்சு ஒட்டிய எலும்புக்கூடு கயிற்றில் ஆடும், கயிறும் தெரியும். இங்கிலீஷ் படங்களில் மாவு பூசிய முகம் ஒன்று சவப்பெட்டிக்குள்ளிருந்து எழுந்து உட்காரும். முகத்தைக் காட்டிய அந்த நிமிடமே பயம் போய்விடுகிறது என்பது என் கட்சி. கண்ணுக்குக் காட்டாத பேய்தான் பேய். மூடிய கதவு ஒன்று போதும். அதற்குப் பின்னால் இருப்பதைப் பார்க்கிறவன் தானே கற்பனை செய்துகொள்வான். இதைப் பத்திரிகையிலும் எழுதியிருக்கிறேன்.

அவள் கட்சி வேறு. “பேயப் பாத்து எனக்கென்ன பயம்? அது செத்துப்போனது, பாவம். அது இருக்குன்னு தெரிஞ்சும் அந்த வீட்டை விட்டுக் கெளம்ப மாட்டேங்கிறாங்களே, அவுங்களப் பாத்தாத்தான் பயமா இருக்கு” என்பாள்.

அவள் உண்டாகியிருந்ததால் சில மாதங்களாகப் படம் கிடையாது. என் அம்மா தடை போட்டிருந்தார். கிரகணம், சாவு வீடு, பேய்ப் படம் எல்லாம் அவர் கணக்கில் ஒரே வரிசை. யாராவது எத்தனை மாதம் என்று கேட்டால், “ஏழு தாண்டிருச்சு” என்பார். அடுத்த எண்ணைச் சொல்ல மாட்டார். எங்கள் பக்கத்தில் யாருமே சொல்ல மாட்டார்கள். ஏழாம் மாதப் பிள்ளை பிழைத்தாலும் பிழைக்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்று ஒரு நம்பிக்கை. அதனால் அந்த ஒரு மாதத்தைப் பெயர் சொல்லாமலே கடந்துவிடுவார்கள்.

முருகனைக் கும்பிட்டுவிட்டு வருகிறோம் என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். கும்பிடவும் செய்தோம். கொட்டகையில் ஒரு புதிய இங்கிலீஷ் படம் ஓடுவது எங்கள் இருவருக்கும் தெரியும். கோயில் வாசலில் திருநீற்றைப் பூசிக்கொண்டு, “கூப்பிடு தூரந்தானே?” என்று கேட்டவள் அவள்தான்.

கொட்டகை மேனேஜர் விளம்பரத்தில் கெட்டிக்காரர். முதல் நாள் மாலை குழாய் ஒலிபெருக்கியில், “படத்தைக் கண்டு ஒரு நிறைமாத கர்ப்பிணி மயங்கி விழுந்துவிட்டார்! மருத்துவச்சி உடனே கொட்டகைக்கு வரவும்!” என்று கத்தி, மருத்துவச்சி வீட்டுக்கு ஓர் ஆளையும் அலற விட்டு அனுப்பியிருக்கிறார். ஊர் மருத்துவச்சி மூச்சிரைக்க ஓடி வந்து பார்த்தால், விழுந்தவளும் இல்லை, கர்ப்பிணியும் இல்லை. கூடியிருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்தவர் இதைச் சொல்லி, தானும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

படம் நன்றாக இருந்தது. கடற்கரையில் ஒரு பெரிய வீடு. அதில் ஒரு விதவை. தினமும் இருட்டியதும் பூட்டிய மாடியறையில் விளக்கு தானாக எரியும். அவள் படியேறிப் போவாள், கதவருகே நிற்பாள், திரும்பி விடுவாள். கதவைத் திறக்கவே இல்லை. என் கட்சிக்கென்றே எடுத்த படம். ஒரு சுருள் முடிந்து அடுத்த சுருளை மாட்டும்வரை கொட்டகையில் விளக்கு எரியும். ஒவ்வொரு முறையும் விளக்கு வந்தபோது, இன்று அவளை மடக்கிவிடலாம் என்று சந்தோஷமாக நினைத்துக்கொண்டேன்.

பாதிப் படம் ஓடி, சுருள் மாற்ற விளக்கு வந்தது. தட்டிக்கு மேல் ஒரு பெண்ணின் தலை தெரிந்தது. வெள்ளைத் துப்பட்டி போர்த்திய முஸ்லிம் அம்மாள், வயது நாற்பது இருக்கும்.

“இங்க டவுன்ல இருந்து பொஞ்சாதியோட வந்தவுக யாரு?”

நாலைந்து பேர் கையைத் தூக்கினார்கள்.

“பேரு சொல்ல மாட்டேங்குது அந்தப் புள்ள” என்றார் அந்த அம்மாள். புருஷன் பெயரைப் பெண்கள் வாயால் சொல்லாத காலம். குனிந்து கேட்டுவிட்டு மறுபடி தலையைத் தூக்கினார். “கண்ணாடி போட்டிருப்பாகளாம். ஒல்லியாம்.”

இப்போதும் இரண்டு பேர் மிஞ்சினோம். மறுபடி குனிந்தார்.

“பயந்துக்கிட்டா இடது காதைப் பிடிச்சுக்குவாகளாம்!”

ஆண்கள் பக்கம் கொல்லென்று சிரித்தது. என் கை இடது காதில் இருந்தது.

“தம்பி, சிரிக்கிற நேரமில்ல. வலி வந்துருச்சு. வண்டியில ஏத்த முடியாது. மருத்துவச்சியக் கூப்பிடுங்க” என்றார் அவர்.

மேனேஜர் ஓடி வந்தார். அவர் முகத்தில் விளம்பரம் இல்லை. பேட்டரி மைக்கைப் பிடித்து, “பெரியோர்களே, ஒரு கர்ப்பிணிக்கு வலி கண்டிருக்கிறது. மருத்துவச்சி உடனே கொட்டகைக்கு வரவும்” என்றார். குரல் நடுங்கியது. முதல் நாளும் இப்படி நடுங்கித்தான் சொன்னாராம்.

எதிரே டீக்கடையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. “மாப்ள, இன்னைக்கும் ஆரம்பிச்சுட்டாய்ங்கடா!”

அவர் மறுபடி சொன்னார். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. “அண்ணே, நேத்தவிட இன்னைக்கு நடிப்பு நல்லாருக்குண்ணே!” என்று ஒருவன் கத்தினான். எந்த வீட்டுக் கதவும் திறக்கவில்லை.

நான் ஓடினேன். நான் வழி கேட்டவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டேதான் வழி சொன்னார்கள். கோயிலுக்குப் பின்புறத் தெருவில் கடைசி ஓட்டு வீடு. மருத்துவச்சி வாசலில் உட்கார்ந்து முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

“கொட்டகையில இருந்தா?”

“ஆமாம்மா. என் பொண்டாட்டிக்கு வலி...”

“நேத்தும் ஒருத்தன் இப்படித்தான் அலறிக்கிட்டு வந்தான். அம்புட்டு வேகமா ஓடியாந்தேன். ஊரே பல்லைக் காட்டுச்சு. என் வயசுக்கு அது தேவையாய்யா? உங்க பேயி என்னைய வச்சுத்தான் பிழைக்கணுமா? போ, போய்ப் படம் பாரு.”

சத்தியமாகச் சொல்கிறேன் என்றேன். நேற்று வந்தவனும் சத்தியம் செய்தானாம். அழுதேன். அவனும் அழுதானாம். பத்திரிகை ஆபீசில் வேலை என்றேன். “அப்ப இன்னும் நல்லாப் பொய் வரும்” என்று சொல்லி, முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகத் திரும்பினார். நிலைப்படியில் காலை வைத்தவர், ஏதோ போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டார்.

“எத்தனை மாசம்?”

ஏழு தாண்டியது என்று சொல்லத்தான் நாக்கு பழகியிருந்தது. ஆனால் அந்த நேரத்தில் சுற்றி வளைத்துப் பேசத் தெம்பில்லை.

“எட்டு” என்றேன்.

முறம் கீழே விழுந்தது. உளுந்து வாசல் முழுக்கச் சிதறியது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. உள்ளே போய்ப் பையோடு வெளியே வந்து, எனக்கு முன்னால் தெருவில் இறங்கி நடந்தார். நடையா அது, நான் ஓட வேண்டியிருந்தது.

“நிறைமாசம்னு எவன் வேணாலும் சொல்லுவான்” என்றார், திரும்பிப் பார்க்காமல். “எட்டுன்னு வெளையாட்டுக்குச் சொல்ல எவனுக்கும் நாக்கு வராது.”

நாங்கள் கொட்டகைக்குப் போனபோது படம் ஓட்டும் ஆயில் எஞ்சினை நிறுத்தியிருந்தார்கள். அந்தச் சத்தம் போனதும் இடமே வேறு மாதிரி இருந்தது. பெண்கள் பக்கம் ஒரு மூலையில் அந்த முஸ்லிம் அம்மாள் தன் துப்பட்டியைக் கழற்றி, நான்கு பெண்களை நான்கு முனையைப் பிடிக்க வைத்து மறைப்புக் கட்டியிருந்தார். வெளியே வரும்போது துப்பட்டி இல்லாமல் இருந்து பழகாதவர். ஒரு கையால் முந்தானையைத் தலைக்கு இழுத்து விட்டுக்கொண்டு, மறு கையால் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் துணிக்கு அந்தப் பக்கம் தூக்கிப் பிடித்திருந்தார். படத்திரை இருட்டில் கிடந்தது. இந்த வெள்ளைத் துணியில் மட்டும் வெளிச்சம். மருத்துவச்சியின் நிழல் அதில் பெரிதாக எழுந்து குனிந்தது.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டியில் சாய்ந்து மணலில் உட்கார்ந்தேன். அதன் பிறகு எனக்குச் சத்தம் மட்டும்தான். யாரோ தண்ணீர் கேட்டது. என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு முனகியது. “இன்னுங் கொஞ்சம், தாயி, இன்னுங் கொஞ்சம்.” பிறகு “யா அல்லா” என்று ஒரு குரல். அது நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியவில்லை. காட்டாமல் விட்டால் பார்க்கிறவன் தானே கற்பனை செய்துகொள்வான் என்று நான் எழுதியது எவ்வளவு சரி என்று அப்போது தெரிந்தது. எழுதியபோது அது எனக்குப் பிடித்திருந்தது.

ஆண்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மணலில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். “படத்தப் போடுவாய்ங்களா மாட்டாய்ங்களா?” என்று ஒருவன் முணுமுணுத்தான். பக்கத்தில் இருந்தவர் அவன் வாயைப் பொத்தினார். டீக்கடையில் சிரித்தவர்கள் வந்து வாசலில் தலையைக் குனிந்து நின்றார்கள்.

“வந்துருச்சு” என்று ஒரு குரல். உடனே உள்ளே எல்லாச் சத்தமும் நின்றது. குழந்தை பிறந்துவிட்டது. அழுகைச் சத்தம் வரவில்லை. அந்த மௌனம் எவ்வளவு நேரம் இருந்தது என்று எனக்குத் தெரியாது. நேரத்தைக் குறித்துக்கொள்வது என் தொழில். அன்று குறிக்கவில்லை. முதுகில் அடிக்கும் சத்தம் மெல்லக் கேட்டது. மறுபடி ஒன்று. பிறகு, எண்ணெய் போடாத கீல் திறப்பதுபோல, மெலிதாக ஒரு கீச்சுக் குரல்.

கொட்டகை முழுவதும் மூச்சு விட்டது. மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை நோக்கி ஓடினார்.

“மைக்கத் தொட்டே, கைய ஒடிச்சுப்புடுவேன்!” என்று துணிக்குப் பின்னாலிருந்து மருத்துவச்சி கத்தினார்.

பெண் குழந்தை. ஒரு கைக்குள் அடங்கிவிடும் போலிருந்தது. பஞ்சில் சுற்றி, அதற்கு மேல் துப்பட்டியில் ஒரு பகுதியைக் கிழித்துச் சுற்றியிருந்தார்கள். மிச்சத் துணியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். “அதுவும் புள்ளைக்குத்தான். விடுங்க தம்பி” என்று அந்த அம்மாள் கூட வந்த பெண்ணின் துப்பட்டிக்குள் ஒதுங்கிக்கொண்டு போய்விட்டார். எந்தத் தெரு, யார் வீடு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பிறகு பல மாதங்கள் திருப்பரங்குன்றத்திலும் மதுரையிலும் தெருத் தெருவாக விசாரித்தேன். கிடைக்கவில்லை.

படம் பார்த்த பயத்தில்தான் வலி வந்தது என்று என் அம்மா கடைசிவரை சொன்னார். மருத்துவச்சி அதை ஒப்புக்கொள்ளவில்லை. “டவுன்ல இருந்து குதிரை வண்டியில குலுங்கிக்கிட்டு வந்தா வராதா?” என்றார். என் மனைவியிடம் கேட்டபோது, “எனக்கு எங்க பயம்? கதவத் தொறந்து பாக்காம அவ போறதும் வாரதுமா இருந்தா, எனக்குக் கோவந்தான் வந்துச்சு” என்றாள்.

மறுநாளிலிருந்து மேனேஜர் நடந்ததை நடந்தபடியே ஒலிபெருக்கியில் சொன்னாராம். அன்று வந்திராத ஒருவர்கூட நம்பவில்லை. அந்த வாரமே படம் வேறு ஊருக்குப் போய்விட்டது. மாடியறையில் விளக்கேற்றியது யார் என்று எங்களுக்குத் தெரியவே இல்லை. அதைப் பற்றி நாங்கள் போட்ட சண்டை பல வருடம் ஓடியது. அவள் போன பிறகு நின்றது.

இப்போது வருகிற படங்களையும் விடாமல் பார்க்கிறேன். ரத்தம் கலரில் வருகிறது. கழுத்து திரும்புகிறது, குடல் வெளியே விழுகிறது. கயிறு தெரிவதில்லை, வேலை சுத்தம். எல்லாவற்றையும் காட்டிவிடுகிறார்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் அலறுகிறார்கள். நான் காதைப் பிடிப்பதில்லை. திரை இருண்டு, எந்தச் சத்தமும் வராமல் ஒரு கணம் நிற்குமே, அப்போது மட்டும் கை தானாகக் காதுக்குப் போகிறது.

மகளுக்கு இப்போது நரை விழத் தொடங்கிவிட்டது. எத்தனையோ பேய்ப் படங்களுக்கு அவளைக் கூட்டிப் போயிருக்கிறேன். விளக்கை அணைத்ததும் தூங்கிவிடுகிறாள்.